சொல்லும் செவியும்

அல்லாஹுத்தஆலா தன் அருட்கொடைகளை வரிசையாகக் கூறும் ரஹ்மான் சூராவின் தொடக்கத்தில், குர்ஆனைக் கற்றுக்கொடுத்ததையும் மனிதனைப் படைத்ததையும் சொன்ன கையோடு, அவனுக்கு 'பயான்' கற்றுக்கொடுத்ததையும் சொல்லிக் காட்டுகிறான். சூரியனும் சந்திரனும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஜும்ஆவுக்கு முன் ஆலிம் பேசுவதற்குத்தான் பயான் என்று நாம் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின் பொருள் தெளிவாக்குதல் என்பது. ஒருவர் உள்ளத்தில் இருப்பது இன்னொருவர் உள்ளத்தில் கலங்காமல் போய்ச் சேர்வதே பயான். வாய் அசைந்ததோடு அது முடிந்துவிடுவதில்லை.

ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது கேட்ட துஆவை மக்தபில் ஓதும் சின்னஞ்சிறு பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு கேட்டவர்கள், அதற்கு ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். தம் பேச்சைக் கேட்பவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அந்தக் காரணம். பேச்சில் அலங்காரம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குத் தருமாறும் கேட்டார்கள். நபிமார்களுக்கே எதிரிலிருப்பவரின் செவியைப் பற்றி இத்தனை கவலை இருந்திருக்கிறது. நம்மில் பலருக்கோ, 'நான் சொல்லிவிட்டேன், கேட்காதது அவன் குற்றம்' என்பதோடு கவலை தீர்ந்துவிடுகிறது.

சொல்பவரிடம் குறையில்லாவிட்டாலும் சொல் வேறு இடத்தில் போய் நிற்கும் என்பதற்கு ஹதீஸ் கிதாபுகளில் ஒரு சம்பவம் உண்டு. நெசவு ஊர்க்காரர்களான நமக்கு அது மிகவும் பொருத்தமானது. நோன்பாளி ஸஹர் நேரத்தில் எதுவரை உண்ணலாம் என்பதைக் கூறும் திருவசனத்தில், கறுப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் பிரிந்து தெரியும் வரை என்ற உவமை வருகிறது. கொடைக்குப் பேர்போன ஹாத்திம் தாயின் மகனார் அதீ (ரலி) அவர்கள் இதைக் கேட்டுவிட்டு, உண்மையாகவே ஒரு கறுப்புக் கயிற்றையும் ஒரு வெள்ளைக் கயிற்றையும் தம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். இரவில் எடுத்து எடுத்துப் பார்த்தும் ஒன்றும் பிரிந்து தெரியவில்லை. காலையில் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னபோது, அப்படியானால் உமது தலையணை மிகப் பெரிய தலையணைதான் என்று வேடிக்கையாகக் கூறிவிட்டு, அது இரவின் கருமையையும் விடியலின் வெண்மையையுமே குறிக்கிறது என்று விளக்கினார்கள். வேறு சிலர் தங்கள் கால்களில் இரண்டு நூல்களையும் கட்டிக்கொண்டு, அவை பிரிந்து தெரியும் வரை உண்டு வந்தார்கள் என்றும், பிறகே 'ஃபஜ்ரிலிருந்து' என்ற சொல் இறங்கி ஐயம் நீங்கியது என்றும் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? சொன்னவன் ரப்புல் ஆலமீன். மொழியோ அவர்களுடைய தாய்மொழியான அரபி. கேட்டவர்களும் அலட்சியமாகக் கேட்கவில்லை. உடனே கீழ்ப்படியத் துடித்தவர்கள். இருந்தும் நூல் என்ற சொல் காதில் விழுந்ததும், தங்கள் வீட்டில் இருக்கும் நூலே அவர்கள் நினைவுக்கு வந்தது. சொல்லைக் கேட்கும் மனிதன் அதன் பொருளைத் தன் அனுபவம் என்னும் பெட்டிக்குள்ளிருந்துதான் எடுக்கிறான். சொன்னவர் பெட்டியில் இருப்பதும் கேட்டவர் பெட்டியில் இருப்பதும் ஒன்றாயிருந்தால் சொல் சேர்ந்தது. இல்லாவிட்டால் நூல் தலையணைக்கு அடியில் போகிறது. அதீ (ரலி) அவர்கள் வந்து சொன்னார்கள்; ஆகவே விளக்கம் கிடைத்தது. சொல்லாமலே இருந்திருந்தால்?

ஆரணியிலும் செய்யாற்றிலும் பட்டுத்தறி போட்டிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். புடவைக்கு ஆர்டர் கொடுப்பவர் 'பச்சை' என்று வாயால் சொன்னால் அனுபவமுள்ள நெசவாளி அதை நம்பிப் பாவு ஓட்டமாட்டார். கிளிப்பச்சையும் பச்சைதான், பாசிப்பச்சையும் பச்சைதான். ஒரு துண்டு மாதிரி நூலைக் கையில் வாங்கிக்கொள்வார்; சாயம் தோய்ப்பவருக்கும் அதையே காட்டுவார். பல நாள் உழைப்பும் விலை உயர்ந்த பட்டும் ஜரிகையும் ஒரு சொல்லின் மேல் நிற்கும்போது, அந்தச் சொல் இரண்டு பேருக்கும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்வது அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை. ஒரு புடவைக்குக் கொடுக்கும் இந்தக் கவனத்தை நம் வீட்டுப் பேச்சுகளுக்கு நாம் கொடுப்பதில்லை.

வாயிலிருந்து வரும் சொல்லுக்கே இந்த நிலை என்றால், பேச்சில்லாத செய்கையின் நிலை என்ன? ஹுஜுராத் சூராவில், ஒழுங்கற்ற ஒருவன் செய்தி கொண்டுவந்தால் நன்கு விசாரித்துத் தெளிந்துகொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்ற கருத்தில் ஒரு கட்டளை வருகிறது. இது இறங்கிய சந்தர்ப்பமாகத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார்கள். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க ஒருவர் அனுப்பப்பட்டார். மதீனாவிலிருந்து ஆள் வருகிறார் என்றறிந்த அம்மக்கள் அவரை வரவேற்க ஊருக்கு வெளியே திரண்டு வந்தார்கள். அந்தக் கூட்டத்தாருக்கும் அவருக்கும் அறியாமைக் காலத்தில் பகை இருந்தது. தூரத்தில் கூட்டத்தைக் கண்டவர், தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று எண்ணி வழியிலேயே திரும்பிவிட்டார். ஜகாத் தர மறுத்துத் தம்மைக் கொல்லவும் துணிந்தார்கள் என்று செய்தியும் சொன்னார். படை புறப்படும் அளவுக்கு விஷயம் முற்றியது. விசாரித்த பிறகு, அவர்கள் பாங்கு சொல்லித் தொழுதுகொண்டிருக்கும் முஸ்லிம்கள் என்பதும், வரவேற்கவே வந்தார்கள் என்பதும் தெரிந்தது. மனதில் முன்பே பயம் குடியிருந்தால், எதிரே வரும் வரவேற்பும் வாளாகத் தெரிகிறது.

இது எங்கோ அரபு நாட்டில் அக்காலத்தில் நடந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். நமது திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, போளூருக்கு அருகிலுள்ள அத்திமூர் கிராமத்தில், 2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி நடந்ததை மறந்துவிட முடியுமா? சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் தங்கள் குலதெய்வக் கோவிலுக்குப் போவதற்காகக் காரில் வந்தார்கள். வழி கேட்பதற்காக நிறுத்தினார்கள். அவர்களில் முதியவரான ஒரு பெண்மணி, அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பேரன் பேத்தி எடுத்த எந்தத் தாயும் செய்யக்கூடிய காரியம். ஆனால் அதற்கு முன் பல நாட்களாக, பிள்ளை பிடிக்கும் கூட்டம் நம் மாவட்டங்களில் நுழைந்திருக்கிறது என்று கைப்பேசிகளில் வாட்ஸ்அப் வழியாகக் குரல் பதிவுகளும் படங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் செய்தியைக் காதில் வைத்திருந்தவர்களின் கண்ணுக்கு மிட்டாய் மிட்டாயாகத் தெரியவில்லை. கூட்டம் கூடியது, காரை மறித்து அடித்தது. அந்த மூதாட்டி இறந்துபோனார். உடன் வந்தவர்கள் பலத்த காயமடைந்தார்கள். பிடிக்கப்பட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. பிறகு பலர் கைதானார்கள். அடித்தவர்களுடைய வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் அழுதார்கள்.

அந்த மூதாட்டியும் அவரை அடித்தவர்களும் பேசியது ஒரே தமிழ்தான். 'அம்மா, நீங்கள் யார், எங்கே போகிறீர்கள்' என்று அமைதியாகக் கேட்டு, பதிலைச் செவி தாழ்த்திக் கேட்டிருந்தால் போதும். பனூ முஸ்தலிக் விஷயத்தில் விசாரிக்க ஆள் போனது, அத்திமூரில் போகவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் அது ஓர் உயிர்.

அந்தக் குரல் பதிவைத் தயாரித்தவன் யாரோ. அதைத் தள்ளிவிட்டவர்களோ நம்மைப் போன்றவர்கள். 'எதற்கும் தெரிந்திருக்கட்டும்' என்று நல்லெண்ணத்தோடு அனுப்பியவர்கள். காதில் விழுந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முகவுரையிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். பொய்யைத் தானே கட்டியவன் என்று அங்கே சொல்லப்படவில்லை. கேட்டதைச் சொன்னவன் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. அத்திமூர் போன்ற கொடுமைகள் நாட்டின் பல பாகங்களிலும் நடந்த பிறகு, 2018 ஜூலையில் அந்த நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வரம்பு கட்டியது. அது பிறரிடமிருந்து வந்தது என்ற குறிப்பும் செய்தியின் தலையில் தெரியும்படி செய்தது. கம்பெனி போட்ட வரம்பு ஐந்து. ஈமான் போடும் வரம்பு, உண்மை என்று தெரியாதவரை ஒன்றுகூட இல்லை.

பிறை விஷயத்தில் நம் முன்னோர்கள் இந்தப் பாகுபாட்டை எவ்வளவு நுட்பமாகப் பார்த்தார்கள் தெரியுமா? ஹனஃபி மத்ஹபில், வானம் மூடியிருக்கும்போது ரமலான் பிறைக்கு நம்பகமான ஒருவர் தரும் செய்தி போதும். பெருநாள் பிறைக்குச் சாட்சியம் வேண்டும். நோன்பை விடுவதில் நம் நஃப்ஸுக்கு ஓர் ஆசை கலந்திருப்பதால் அங்கே கூடுதல் எச்சரிக்கை. தந்தி வந்த காலத்தில், அதை மட்டும் வைத்துப் பெருநாளை முடிவு செய்ய உலமாக்களில் பலர் தயங்கினார்கள். 'விஞ்ஞானத்தை எதிர்க்கிறார்கள்' என்று அப்போது சிலர் பரிகசித்தார்கள். அவர்கள் பார்த்தது வேறு: தந்தியில் எழுத்து வருகிறது, அனுப்பியவர் இன்னார்தான் என்பதற்கு அடையாளம் வருவதில்லை. டெலிபோனில் தெரிந்தவரின் குரல் வருகிறது. 'நீங்களே பார்த்தீர்களா, பிறர் சொல்லக் கேட்டீர்களா' என்று திருப்பிக் கேட்கவும் முடிகிறது. தந்தி சேவை நம் நாட்டில் 2013 ஜூலையோடு முடிந்துபோனது. இன்று கைமாறி கைமாறி வரும் குரல் பதிவில் குரல் இருக்கிறது, படம் இருக்கிறது. ஆனால் அதனிடம் திருப்பிக் கேட்க முடியாது. அந்த வகையில் அது டெலிபோனின் பிள்ளை அன்று, தந்தியின் பேரன்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தத் தூதரையும் அவருடைய சமுதாயத்தின் மொழியைக் கொண்டே அனுப்பியதாக அல்லாஹ் கூறுகிறான். நம் வட ஆற்காட்டுப் பகுதியில் உருது பேசும் வீடும் தமிழ் பேசும் வீடும் சுவரோடு சுவராக இருக்கின்றன. ஒரே வீட்டில் பாட்டிக்கு உருதும் பேரனுக்குத் தமிழும் வசப்பட்டிருக்கின்றன. பள்ளிவாசலில் உயர்ந்த உருதுவில் பயான் நடக்கும்போது அந்தப் பேரன் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தலை ஆடுவதைச் சேர்ந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளும் ஆலிம் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை அரபுத்தமிழில் எழுதி வைத்தார்கள். மொழி தமிழ், எழுத்து அரபி. குர்ஆன் ஓதப் படித்திருந்து, தமிழ் எழுத்து அறியாத நம் தாய்மார்கள் வீட்டிலிருந்தபடியே மஸ்அலா கற்றுக்கொள்ள அது வழி செய்தது. கேட்பவரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதிலேயே பொருளை ஊற்றிக் கொடுத்தார்கள். மக்கள் விளங்கும் அளவுக்கே பேசுங்கள், இல்லாவிட்டால் அல்லாஹ்வும் ரஸூலும் பொய்ப்பிக்கப்பட நீங்களே காரணமாவீர்கள் என்ற பொருளில் அலீ (ரலி) அவர்கள் எச்சரித்ததும் இதைத்தான்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். திருப்பிக் கேட்பதும் திருத்திச் சொல்வதும் இருந்தால்தான் பேச்சு முழுமையாகும் என்று கண்டோம். ஆனால் எல்லோராலும் திருப்பிச் சொல்ல முடிகிறதா? ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டோடு ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒரு தோழர் எழுந்து, மறந்துவிட்டீர்களா, அல்லது தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா என்று கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் கோபிக்கவில்லை. இவர் சொல்வது சரிதானா என்று மற்றவர்களிடம் விசாரித்து, சரிதான் என்றறிந்ததும் மீதியைத் தொழுது, மறதிக்கான ஸஜ்தாவும் செய்தார்கள். இந்த ஹதீஸில் ஒரு சிறு செய்தி உண்டு: அந்த ஜமாஅத்தில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் இருந்தார்கள், ஆனால் நாயகத்தின் மீதிருந்த மரியாதை கலந்த அச்சத்தால் அவர்கள் பேசவில்லை. உமர் (ரலி) அவர்களுக்கே நா எழாத நேரம் உண்டு என்றால், தந்தைக்கும் சிறிய தந்தைக்கும் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்ணுக்கு நா எழுமா?

நிக்காஹ் நாளில் நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்தாயிற்று. பந்திக்கு இலை போடப்போகிறார்கள். தஃப்தரைத் தூக்கிக்கொண்டு வக்கீலும் இரண்டு சாட்சிகளும் அவசரமாக உள்ளே வருகிறார்கள். பெண்ணைச் சுற்றி முப்பது நாற்பது பெண்கள், குழந்தைகளின் கூச்சல். வக்கீல் பாதி உருதுவும் பாதி தமிழுமாக மாப்பிள்ளையின் பெயரையும் மஹரையும் வேகமாகச் சொல்லி 'சம்மதமா' என்கிறார். பெண் குனிந்திருக்கிறாள். பக்கத்திலிருக்கும் மாமியோ, அத்தையோ, 'சம்மதம் என்கிறாள், எழுதிக்கொள்ளுங்கள்' என்கிறார். கையெழுத்து வாங்கியாயிற்று. கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்று ஹதீஸில் வந்திருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு.

வந்திருப்பது உண்மை. ஆனால் அந்த மௌனத்தை நம் இமாம்கள் எப்படி எடை போட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மதரஸாக்களில் நாம் ஓதும் ஹிதாயாவிலேயே இருக்கிறது: மணமகன் யார் என்பது பெண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி பெயரைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும், அப்படிச் சொல்லாமல் கேட்டால் அவளுடைய மௌனம் சம்மதமாகாது. கேட்பவர் வலீயாகவோ அவர் அனுப்பிய ஆளாகவோ இல்லாமல் அயலாராயிருந்தால் மௌனம் போதாது, வாய் திறந்து சொல்ல வேண்டும். பரிகாசமாகச் சிரித்தால் அந்தச் சிரிப்பு சம்மதத்தில் சேராது. ஒரு முறை மணமாகி மறுமணம் செய்யும் பெண்ணானால், எவர் கேட்டாலும் வார்த்தையால் சொல்லியாக வேண்டும். பேசாத ஒரு பெண்ணின் நிலையை அறிய எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்! (ஷாஃபிஈ மத்ஹபில் தந்தையின் அதிகாரம் பற்றிய மஸ்அலா வேறுபடும்; ஆயினும் பெண்ணிடம் கேட்பது அங்கும் விரும்பத்தக்கதே.) வெட்கத்தால் வாய் பேசாத பெண்ணுக்கு இரக்கமாகத் தரப்பட்ட சலுகை அந்த மௌனம். அச்சத்தால் வாயடைத்தவளின் மௌனத்தையும் அதே கணக்கில் எழுதிக்கொள்ள நமக்கு உரிமை கொடுத்தது யார்?

தம் விருப்பமின்றித் தந்தை மணமுடித்துவைத்ததாக முறையிட்ட கன்ஸா (ரலி) என்ற பெண்மணியின் நிக்காஹை நாயகம் (ஸல்) அவர்கள் ரத்துச் செய்தார்கள் என்று புகாரியில் இருக்கிறது. இன்னொரு பெண், குடும்பக் கௌரவத்தை உயர்த்திக்கொள்வதற்காகத் தந்தை தம்மைத் தம் சகோதரர் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து சொன்னார். நாயகம் (ஸல்) அவர்கள் தந்தையை அழைத்துவரச் செய்து, முடிவை அப்பெண்ணிடமே ஒப்படைத்தார்கள். அப்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா? தந்தை செய்ததை ஏற்றுக்கொள்வதாகவும், இந்த விஷயத்தில் பெண்களுக்கு ஏதேனும் உரிமை உண்டா என்று அறியவே வந்ததாகவும் சொன்னார். ஒரு முறை உண்மையாகவே தன்னிடம் கேட்கப்பட வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாயிருந்திருக்கிறது. இந்த ஹதீஸை ஓதும்போதெல்லாம், கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சரி என்று சொல்லியிருக்கக்கூடிய எத்தனையோ பெண்கள், கேட்காத ஒரே காரணத்தால் மனக்கசப்போடு வாழ்க்கை தொடங்கியிருப்பார்களே என்று எண்ணுகிறோம்.

ஆகவே தந்தைமாரிடமும் முத்தவல்லிகளிடமும் நாம் கேட்டுக்கொள்வது இது. தஃப்தரில் கேட்பதற்கு முன்பு, தேதி குறிப்பதற்கும் முன்பு, வீட்டில் கூட்டமில்லாத ஒரு நாளில் தாயாரை விட்டுக் கேளுங்கள். தாய் இல்லாத பெண்ணாயின் அவள் மனம்விட்டுப் பேசும் அக்காவையோ சிறிய தாயாரையோ அனுப்புங்கள். மாப்பிள்ளையின் பெயர், படிப்பு, தொழில், ஊர், குடும்பம் எல்லாவற்றையும் அவள் பேசும் மொழியில், உருதானால் உருதுவில், தமிழானால் தமிழில், அவசரமில்லாமல் சொல்லச் செய்யுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னால் வீட்டில் ஒன்றும் நடந்துவிடாது என்பதை முதலிலேயே அவளுக்குத் தெரியப்படுத்துங்கள். இரண்டொரு நாள் கழித்து மறுபடியும் ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் முக்கியமான சொல்லை மும்முறை திருப்பிச் சொல்லும் வழக்கமுடையவர்கள். நிக்காஹ் அன்று வக்கீல் உள்ளே போகும்போது, அறையிலிருப்பவர்கள் இரண்டு நிமிஷம் வாய் மூடி இருக்கட்டும். பந்தி காத்திருக்கட்டும். பெண்ணுக்குப் பதிலாக மாமி பேச வேண்டாம்.